பள்ளிக்குப் போகும் இரண்டு கிலோமீட்டர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கு வந்து போகும் பயணத்தைச் சுற்றுச்சூழலுக்கு ஊறு செய்யாத வகையில் அமைத்துக்கொள்ள மாணவர்களை எப்படி ஊக்குவிப்பது என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இதைக் கேட்டவுடன் மாணவர்களைப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்லத் தோன்றும். நடந்து வாருங்கள், சைக்கிளில் வாருங்கள், பூமி உங்கள் கையில் இருக்கிறது என்று பேசிவிட்டு, ஓவியப் போட்டியும் வாசகப் போட்டியும் நடத்திப் பரிசு கொடுத்துவிட்டால் விழா முடிந்துவிடும். அந்த வழியில் நான் போகப்போவதில்லை. காலையில் பள்ளி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் ஸ்கூட்டர்களை எந்த மாணவரும் வாங்கவில்லை. அவற்றைப் பெரும்பாலும் ஓட்டி வருபவர்களும் மாணவர்கள் அல்லர். பள்ளி எந்த நேரத்தில் தொடங்க வேண்டும், வாசல் எந்தச் சாலையைப் பார்த்து இருக்க வேண்டும், பையில் எத்தனை நோட்டு இருக்க வேண்டும் என்பவற்றையும் அவர்கள் தீர்மானிப்பதில்லை. ஆகவே ஊக்கம் தேவைப்படுவது மாணவர்களுக்கு அல்ல. அவர்களுடைய பயணத்தைத் தீர்மானிக்கும் பெரியவர்களுக்கு. அந்தப் பெரியவர்களின் கையில் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அதிகாரம் குவிந்திருக்கும் ஊர் நெய்வேலி. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நெய்வேலியில் நின்றுகொண்டு பசுமைப் பயணம் பற்றிப் பேசுகிறவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் பல்லாயிரம் டன் பழுப்பு நிலக்கரியை எரிக்கிற ஊரில், ஒரு பிள்ளை ஸ்கூட்டரில் போனால் என்ன, நடந்து போனால் என்ன? இது குதர்க்கம் அல்ல, நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வீட்டிலிருந்து பள்ளி இரண்டு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் பிள்ளையின் பயணம் நான்கு கிலோமீட்டர். ஆனால் கொண்டுபோய் விடுகிறவர் காலையில் தனியாகத் திரும்புகிறார், மாலையில் தனியாகப் போய் அழைத்து வருகிறார். வண்டி ஓடுவது எட்டு கிலோமீட்டர்; அதில் பாதித் தூரம் பிள்ளை இல்லாமலேயே ஓடுகிறது. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் 1,600 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் ஸ்கூட்டருக்கு 32 லிட்டர் பெட்ரோல் ஆகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும் என்பதால், ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 74 கிலோ. ஆயிரம் பிள்ளைகளுக்கு 74 டன்.

இப்போது மறுபக்கம். பழுப்பு நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. இங்குள்ள புதிய அனல்மின் நிலையத்தின் திறன் 1,000 மெகாவாட். அது முழு அளவில் ஒரு மணி நேரம் ஓடினால் பத்து இலட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆயிரம் டன்னுக்கு மேல் வாயு வெளியேறும். அப்படியானால் ஆயிரம் பிள்ளைகள் ஓராண்டு முழுவதும் ஸ்கூட்டரைத் தவிர்த்து மிச்சப்படுத்துவது, அந்த ஒரு நிலையம் நான்கு நிமிடம் ஓடுவதற்குச் சமம். கரியமில வாயுவின் கணக்கை மட்டும் வைத்துப் பேசினால் என் தரப்பு இங்கேயே தோற்றுவிடுகிறது. தோற்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. நீ சைக்கிள் மிதித்தால் உலகம் பிழைக்கும் என்று நெய்வேலிப் பிள்ளையிடம் சொன்னால், பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த பிள்ளை இதே கணக்கைப் போட்டு நம்மைத் திருப்பிக் கேட்கும். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நாட்டுக்கு எந்த எரிபொருள், எத்தனை ஆண்டுகளுக்கு, யாருடைய நிலத்திலிருந்து என்பவையெல்லாம் அரசும் இங்குள்ள நிலக்கரி நிறுவனமும் மக்களும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டியவை. அந்தப் பொறுப்பைப் புத்தகப் பையோடு சேர்த்துப் பிள்ளையின் முதுகில் ஏற்றுவது அறமாகாது.

பின் எதற்காக?

கரியமில வாயுவின் கணக்கை ஒதுக்கி வைத்த பிறகும் காரணங்கள் மிஞ்சுகின்றன. எனக்கு அவையே வலுவானவையாகத் தோன்றுகின்றன. முதலாவது பிள்ளையின் உடல். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகெங்கும் பள்ளி செல்லும் வளரிளம் பருவத்தினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டுவதில்லை என்று அதன் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது, மாலையை டியூஷன் விழுங்கிவிடுகிறது என்ற நிலையில், யாருடைய அனுமதியும் இல்லாமல், தனியாக நேரம் ஒதுக்காமல், உடல் இயங்குவதற்கு எஞ்சியிருக்கும் ஒரே இடைவெளி பள்ளிக்குப் போய் வரும் வழிதான். அதையும் ஸ்கூட்டரின் பின்னிருக்கைக்குக் கொடுத்துவிட்டால் பிள்ளையின் நாள் முழுவதும் உட்கார்ந்தே கழிகிறது. டென்மார்க்கில் 2012இல் ஏறத்தாழ 20,000 மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நடந்தோ சைக்கிளிலோ வந்த பிள்ளைகள் வாகனத்தில் கொண்டுவந்து விடப்பட்ட பிள்ளைகளைவிட மனத்தை ஒருமுகப்படுத்தும் சோதனையில் மேலான நிலையில் இருந்தார்கள். அதன் பயன் காலை முழுவதும் நீடித்தது. நடந்து வருகிற குடும்பங்கள் வேறு வகைகளிலும் வேறுபட்டவையாக இருக்கலாம் என்பதால், இதை முடிந்த முடிவாக நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் படிப்புக்காகத்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறோம் என்ற வாதத்துக்கு இதில் ஆதரவு எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் தன்னுரிமை. சைக்கிள் வசதியால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் உயர முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்வது 32 விழுக்காடு கூடியதாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டார்கள். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் மாற்றம் மிகுதி. தமிழ்நாடு இந்த வழியில் முன்பே இறங்கிவிட்டது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளை அப்பாவின் ஷிப்ட் முடியக் காத்திருக்க வேண்டாம். நூலகத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தோழி வீட்டுக்கும் தானே போய் வரலாம். கொண்டுவிட்டு அழைத்துவரப்படும் பிள்ளை பதினேழு வயதிலும் ஒரு பார்சலைப் போலத்தான் ஊருக்குள் நகர்கிறது.

மூன்றாவது காரணம் பள்ளி வாசல். நடந்தும் சைக்கிளிலும் வருவோர் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து குறைகிறது என்று ஆய்வாளர் பீட்டர் ஜேக்கப்சன் 2003இல் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார். நடப்பவர் எண்ணிக்கை இரு மடங்கானால் ஒருவருக்கான ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பது அவர் கணிப்பு. எண்ணிக்கை ஆபத்தைக் குறைத்ததா, ஆபத்து குறைவான ஊரில் எண்ணிக்கை பெருகியதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். எப்படியானாலும் பள்ளி வாசலில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சாலை ஆபத்தானது என்று ஒரு பெற்றோர் வண்டியை எடுக்கிறார். அவர் வண்டியால் அடுத்த பிள்ளைக்குச் சாலை இன்னும் கொஞ்சம் ஆபத்தாகிறது. அந்தப் பிள்ளையின் பெற்றோரும் வண்டியை எடுக்கிறார். ஒவ்வொருவர் முடிவும் தனித்தனியே நியாயமானது; எல்லாம் சேர்ந்து உருவாக்குவது யாரும் விரும்பாத நெரிசல். இப்படிப்பட்ட முடிச்சைத் தனி மனிதர் எவராலும் அவிழ்க்க முடியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கைவிட்டால்தான் அவிழும். அதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும்.

இந்த இடத்தில் நம் நாட்டு நிலை மேலை நாடுகளினின்று வேறுபடுவதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1969இல் ஏறத்தாழ பாதிப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது 13 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. இழந்ததை மீட்க அவர்கள் பெரும் பணம் செலவிடுகிறார்கள். இந்தியாவில் 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுப்படி, மாணவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். நாம் புதிதாக ஒன்றைக் கொண்டுவர வேண்டியதில்லை. இருப்பதை இழக்காமல் காத்தாலே பாதி வேலை முடிந்தது. நெய்வேலியில், நிறுவனத்தின் குடியிருப்பு நகரமான டவுன்ஷிப்புக்கு வெளியே இந்திரா நகரிலிருந்தும் வடக்குத்திலிருந்தும் மந்தாரக்குப்பத்திலிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் டவுன் பஸ்ஸிலும் வந்து படிக்கும் பிள்ளைகள்தாம் இன்றைய பசுமைப் பயணிகள். அவர்களுக்கு எந்தப் பாராட்டு விழாவும் நடப்பதில்லை. வாசலில் வழியும் கிடைப்பதில்லை. கார் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒரு நாள் சைக்கிளில் வந்தால் படம் எடுத்துப் போடுகிறோம். ஊக்குவிப்பு என்ற சொல்லுக்குப் பொருள் இருக்குமானால், அது ஏற்கெனவே சரியாக வருகிறவர்களின் வழியைச் செப்பனிடுவதில் தொடங்க வேண்டும்.

நெய்வேலிக்கு வாய்த்தது

ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1935இல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியபோது வெளிவந்த கருமையான பொருளான பழுப்பு நிலக்கரியிலிருந்து இவ்வூரின் கதை தொடங்குகிறது. 1956 நவம்பர் 14ஆம் நாள் அதை வெட்டியெடுக்கும் நிறுவனம் பதிவாயிற்று. அது குழந்தைகள் நாளாகக் கொண்டாடப்படும் நாளும்கூட என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. பிற ஊர்கள் ஆற்றங்கரையிலும் கோயிலைச் சுற்றியும் தாமாக வளர்ந்தவை. நெய்வேலி காகிதத்தில் வரைந்து கட்டப்பட்டது. வட்டம் வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்குள் வீடுகள், எட்டும் தூரத்தில் பள்ளி, கடைத்தெரு, பூங்கா, மருத்துவமனை என்று அமைத்தவர்கள், ஒரு தொழிலாளி குடும்பத்திடம் கார் இருக்கும் என்று நினைத்து அமைக்கவில்லை. நடைக்கும் சைக்கிளுக்கும் ஏற்ற அளவில்தான் இந்த ஊர் வரையப்பட்டிருக்கிறது. சமதளமான நிலம், அகலமான உட்சாலைகள், இருபுறமும் மரங்கள். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் கடலூர் மாவட்டம் முழுவதும் மரங்களைச் சாய்த்த பிறகும், நிழலுக்கு இங்கே குறைவில்லை. சென்னையிலும் கோவையிலும் நடைபாதை அமைக்க நிலத்தைத் தேட வேண்டும். இங்கே நிலம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முடிவு மட்டுமே பாக்கி.

அமைப்பை விடப் பெரிய வசதி ஒன்றும் இருக்கிறது. வேறு எந்த நகரத்தில் ஒரு பள்ளி வாசலை மாற்ற வேண்டுமானாலும் நகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்துக் காவல், கல்வித் துறை என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். டவுன்ஷிப்புக்குள் சாலை நிறுவனத்துடையது, வீடு நிறுவனத்துடையது, தெருவிளக்கு நிறுவனத்துடையது, பள்ளிகளில் பல நிறுவனத்துடையவை. மற்றவை அது கொடுத்த இடத்தில் நடப்பவை. பெற்றோரில் பெரும்பாலோர் எந்த நேரத்துக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் அதே நிறுவனத்தின் ஷிப்ட் பட்டியல்தான் சொல்கிறது. சாலையும் மணியும் ஒரே கையில் இருப்பது இந்தப் பிரச்சினையில் கிடைத்தற்கரிய வாய்ப்பு. பள்ளி தொடங்கும் நேரமும் பொது ஷிப்ட் தொடங்கும் நேரமும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க ஒரு சுற்றறிக்கை போதும். மற்ற ஊர்களில் பத்தாண்டு இயக்கம் நடத்தினாலும் கிடைக்காதது அது.

மறுப்புகள்

முதல் மறுப்பு பாதுகாப்பு பற்றியது. அதுவே மிக வலுவானது. மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி, 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இந்த எண்களை வைத்துக்கொண்டு பிள்ளையைச் சாலையில் இறக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அதே அறிக்கையைத் தொடர்ந்து படித்தால், இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர மோட்டார் வாகனங்களில் சென்றவர்கள். நடந்து சென்றவர்கள் 19.5 விழுக்காடு, சைக்கிளில் சென்றவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டி. எது எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று தெரியாமல் இவற்றை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். ஆயினும் ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையும் ஹெல்மெட் இல்லாமல் போவது பாதுகாப்பு என்று நினைக்க இந்த எண்களில் இடமில்லை. நெதர்லாந்து இதே அச்சத்தை எதிர்கொண்ட நாடு. 1971இல் அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேற்பட்டோர் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, வண்டிகளின் வேகத்தைக் கட்டுங்கள் என்று கேட்டார்கள். இன்று நாம் வியந்து பார்க்கும் அந்நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்கு அந்தக் கோபமும் ஒரு தொடக்கம். நடப்பவர்களும் வண்டிகளும் கலக்கும் இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டவுன்ஷிப் உட்சாலையில் இதை நடைமுறைப்படுத்த வேகத்தடையும் கண்காணிப்பும் போதும்.

ஆனால் எல்லாச் சாலையும் டவுன்ஷிப் உட்சாலை அல்ல. டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே விக்கிரவாண்டி–தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலையும், மந்தாரக்குப்பம் வழியே போகும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் லாரிகள் விரையும் சாலைகள். அவற்றைக் கடந்து சைக்கிளில் வரச் சொல்ல மாட்டேன். அங்கிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பொருத்தமான பசுமைப் பயணம் பஸ். மாணவர்களுக்கு இலவசப் பஸ் பாஸ் இருக்கிறது, 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. பணம் தடையில்லை, நேரமும் படிக்கட்டு நெரிசலும்தான் தடை. பள்ளி விடும் நேரத்துக்குக் கூடுதலாக ஒரு வண்டி விடுவதும், டவுன்ஷிப்புக்குள் பள்ளிக்கு அருகில் அது நிற்பதும் அவர்களுக்கு நூறு விழிப்புணர்வுப் பேரணிகளைவிடப் பயன் தரும். தனியார் பள்ளி வேன்களையும் நான் ஒதுக்கவில்லை. 2012இல் சென்னைப் புறநகரில் ஓடும் பள்ளிப் பேருந்திலிருந்து ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு, தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிப்படி ஓடும் ஒரு வேன் பதினைந்து ஸ்கூட்டர்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வெயிலும் மழையும் பையும். கடலூர் மாவட்டத்து வடகிழக்குப் பருவமழையில் சைக்கிள் ஓட்டச் சொல்வது கொடுமை என்பதை ஏற்கிறேன். ஆனால் மழை நாட்களுக்காக எல்லா நாட்களையும் வண்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. வாரத்தில் மூன்று நாள் நடந்து வந்தாலும் அது பழக்கமே. பையைப் பொறுத்தவரை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கை சொல்கிறது. பை கனமாக இருப்பதால் வண்டி வேண்டும் என்ற வாதம் உண்மையில் வண்டிக்கான வாதம் அல்ல. பையைக் குறைப்பதற்கான வாதம். வகுப்பறையில் ஓர் அலமாரி இருந்தால் அந்தச் சிக்கல் பாதி தீரும்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சைக்கிள் என்றால் வசதியில்லாதவர் வண்டி என்ற எண்ணம் அது. தன் பிள்ளை சைக்கிளில் போனால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையைக் கரியமில வாயுக் கணக்கால் போக்க முடியாது. இதற்கு விடை புதுக்கோட்டையில் இருக்கிறது. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், 1991, 1992 ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அதுவரை சைக்கிள் ஓட்டும் பெண்ணை ஏளனமாகப் பார்த்த மாவட்டம் அது. பெண்கள் சைக்கிள் கடைகளில் கிடைக்காமல் போனபோது ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். ஏளனம் எப்படிப் போயிற்று? யாரும் உபதேசம் செய்து போகவில்லை. ஆசிரியைகளும் கிராம சேவிகைகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியதால் போயிற்று. பெரியவர்களும் கௌரவமானவர்களும் கூட்டமாகச் செய்வது எதுவோ அது கௌரவமாகிவிடுகிறது. பள்ளியின் முதல்வரும் ஆசிரியர்களும் அதிகாரிகளும் வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளில் வராமல், மாணவர்களை மட்டும் வரச் சொன்னால் அந்தப் பள்ளியில் சைக்கிள் ஏழைப் பிள்ளையின் அடையாளமாகவே நீடிக்கும்.

நான்காவது மறுப்பு புதியது. பேட்டரி ஸ்கூட்டர் வந்துவிட்டதே, புகையே இல்லையே என்கிறார்கள். வாசலில் புகை இல்லை, சத்தமும் குறைவு என்பது உண்மை. ஆனால் அது நூறு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் முழுவதும் பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்தால் நான்கு கிலோவை ஒட்டிக் கரியமில வாயு. அதே தூரத்துக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் வெளியிடுவது 4.6 கிலோ. சூரிய ஒளியும் காற்றும் நீரும் கலந்த நாட்டுச் சராசரி மின்சாரத்தை வைத்துக் கணக்கிட்டால் இரண்டு கிலோவை ஒட்டி வரும். ஆக, பேட்டரி வண்டி மேலானதே, ஆனால் அது எவ்வளவு மேல் என்பது மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. அதைக் காட்டிலும் முக்கியம், வாசல் நெரிசலும் பிள்ளை உட்கார்ந்தே போவதும் அதில் கொஞ்சமும் மாறுவதில்லை. உரிமம் தேவைப்படாத குறைந்த வேகப் பேட்டரி வண்டியைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் வளர்கிறது. அதில் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்பது சட்டம். அதைத் தாண்டிய வண்டியை உரிமம் இல்லாத சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் பெற்றோருக்குத்தான்.

செய்ய வேண்டியவை

இனி, என்ன செய்யலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். முதலில் எண்ண வேண்டும். ஒவ்வொரு பள்ளியும் ஒரு வாரம், வகுப்பு வகுப்பாகக் கைதூக்கச் சொல்லி, யார் எப்படி வந்தார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். ஒரு நோட்டும் ஐந்து நிமிடமும் போதும். அந்த எண்கள் இல்லாமல் செய்யும் எதுவும் விளம்பரமாகவே முடியும். அடுத்து, பள்ளி தொடங்கும்போதும் விடும்போதும் அரை மணி நேரம் வாசலிலிருந்து இருநூறு மீட்டருக்கு மோட்டார் வண்டிகளை நிறுத்தி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை ஏற்றி வரும் வண்டிகளுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. கடைசி இருநூறு மீட்டரை எல்லோரும் நடந்தால் வாசல் பிள்ளைகளுக்குக் கிடைத்துவிடும், தொலைவிலிருந்து வருபவருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. மூன்றாவதாக, சிறு பிள்ளைகளுக்கு வட்டம்வாரியாக நடைக்குழு. ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு வரிசையாக நடந்து போவதும், மூத்த பிள்ளை முன்னே செல்வதும் வழக்கம். ஒரே தெருவில் ஒரே நிறுவனத்து ஊழியர்கள் குடியிருக்கும் நெய்வேலியில் இதற்கு அறிமுகம்கூடத் தேவையில்லை. ஷிப்ட் மாறி மாறி வருவதால், எந்தக் காலையிலும் தெருவில் யாராவது ஒரு பெற்றோர் வீட்டில் இருப்பார். முறை வைத்துப் போனால் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வரும். நான்காவதாக, பூட்டக்கூடிய, கூரையுள்ள சைக்கிள் நிறுத்துமிடமும் காற்றடிக்கும் பம்பும் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். கூரை ஆசிரியர்களின் வண்டிக்கும் வெயில் மாணவர்களின் சைக்கிளுக்கும் என்று இருக்கும் பள்ளியில் என்ன பேசினாலும் எடுபடாது.

இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு சுரங்க இயந்திரத்தின் உதிரிபாகச் செலவை எட்டாது. தடை பணம் அன்று, யார் முதலில் தொடங்குவது என்ற தயக்கம்தான். ஒரே ஒரு பள்ளியில், ஒரு பருவத்துக்கு மட்டும் செய்து பார்த்து, முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்து, பயன் இல்லையென்றால் கைவிடலாம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தயக்கமும் குறையும்.

சோவியத் உதவியோடு கட்டப்பட்டு 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. மற்ற நிலையங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கும் இந்த வட்டங்களும் சாலைகளும் பள்ளிகளும் இருக்கும். இன்று இங்கே படிக்கிறவர்கள் எங்கெங்கோ நகரங்களில் சாலைகளையும் பள்ளிகளையும் பற்றி முடிவெடுக்கும் இடங்களில் இருப்பார்கள். நடந்தும் சைக்கிளிலும் வளர்ந்தவர்கள் எடுக்கும் முடிவு ஒருவிதமாக இருக்கும், வண்டியின் பின்னிருக்கையில் வளர்ந்தவர்கள் எடுக்கும் முடிவு வேறுவிதமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். எரிபொருள் பற்றிய பெரிய கேள்விகளுக்கு இந்த இரண்டு கிலோமீட்டர் விடையாகாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டேன். அவை தீரும்வரை இதைத் தள்ளிப்போட வேண்டிய அவசியமும் இல்லை. வரும் பருவத்தில் தொடங்க முன்வரும் பள்ளி எது என்பதைத் தலைமையாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் இந்த அரங்கைவிட்டுப் போவதற்குள் பேசி முடிவு செய்தால், இந்த அறக்கட்டளை என்னை அழைத்ததற்குப் பயன் கிடைத்துவிடும்.